பேஸ் கிதார் தந்தி ஒலியடக்கி

தந்தி ஒலியடக்கி என்பது பேஸ் கிதாரின் தந்திகளைக் குதிரைக்கு அருகில் மென்மையாகத் தொட்டு, ஒலி நீடிக்கும் நேரத்தைக் குறைக்கும் ஓர் எளிய உறுப்பாகும். இது ஆங்கில வழக்கைப் பின்பற்றி மியூட் எனவும் அழைக்கப்படுகிறது. பெரும்பாலும் நுரைப்பஞ்சு, ரப்பர் அல்லது ஃபெல்ட் எனப்படும் அழுத்திய கம்பளித் துணி ஆகியவற்றுள் ஒன்றால் செய்யப்படுகிறது. 1951 ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் தொடங்கி 1970கள் வரை பல மின் பேஸ் கிதார்களில் இவ்வுறுப்பு தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது.

ஒரு பழைய பேஸ் கிதாரின் மரம், உலோகம், கம்பிச்சுருள் ஆகியவை அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிலைத்திருக்கின்றன. நுரைப்பஞ்சு அவ்வாறு நிலைப்பதில்லை. அது சில பத்தாண்டுகளில் பொடியாக உதிர்ந்துவிடும், அல்லது பிசுபிசுப்பாக மாறிவிடும். பல கருவிகளில் அது கழற்றி எறியப்பட்டும் விட்டது. இதனால் இன்று கிடைக்கும் பழைய கருவிகள் பலவும் அவை செய்யப்பட்ட காலத்தில் ஒலித்தது போல ஒலிப்பதில்லை. ஒலியடக்கியைச் சரியான முறையில் மாற்றுவது அக்கால ஒலியை மீட்பதற்கான எளிய வழியாகும். தவறான முறையில் மாற்றினால் கருவியின் மேற்பூச்சுக்கும் மூலநிலைக்கும் கேடு விளையும்.

பின்னணி

மின் பேஸ் கிதார் தோன்றுவதற்கு முன் மேற்கத்திய நடன இசைக்குழுக்களிலும் ஜாஸ் குழுக்களிலும் தாழ்சுரப் பகுதியை டபுள் பேஸ் என்னும் பெரிய மரக்கருவியே வாசித்து வந்தது. அதன் தந்தியை விரலால் மீட்டும்போது முதலில் ஓர் அழுத்தமான ஒலி எழுந்து, பின் விரைவாகத் தணியும். உட்குடைவான மரப்பெட்டி தந்தியின் ஆற்றலை விரைவில் காற்றுக்கு மாற்றிவிடுவது இதற்கு ஒரு காரணம். ஒவ்வொரு சுரமும் குறுகி நிற்பதால், அடுத்த சுரத்திற்கும் முரசின் ஒலிக்கும் இடம் கிடைத்தது.

மின் பேஸ் கிதாரின் உடல் திண்மரத்தால் ஆனது. தந்தியின் ஆற்றல் அதில் மெதுவாகவே இழக்கப்படுவதால் ஒலி நெடுநேரம் நீடிக்கும். டபுள் பேஸ் ஒலிக்குப் பழகிய கலைஞர்களுக்கும் கேட்போருக்கும் இது புதிய இயல்பாக இருந்தது. புதிய கருவியைப் பழைய கருவியின் இடத்தில் வைத்து வாசிக்க இயலவேண்டும் என்பதால், நீடிப்பைக் குறைக்கும் ஒலியடக்கி அதனுடன் சேர்க்கப்பட்டது.

வரலாறு

ஃபெண்டர் நிறுவனம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஃபுல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் வடிவமைத்த பிரிசிஷன் பேஸ் 1951 இல் அறிமுகமானது. இதன் அதிரும் தந்தி நீளம் 34 அங்குலம், அதாவது சுமார் 864 மி.மீ. ஆகும். குதிரையின் மேல் பளபளப்பான ஓர் உலோக மூடி திருகப்பட்டிருந்தது. அம்மூடியின் உட்புறத்தில் ஒட்டப்பட்ட மென்பொருள் பட்டை மேலிருந்து தந்திகளைத் தொட்டு ஒலியை அடக்கியது. 1957 இல் பிரிசிஷன் பேஸ் மறுவடிவமைப்புப் பெற்று, ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனித் தாங்கி கொண்ட குதிரை வந்த பின்னரும் மூடியும் ஒலியடக்கியும் தொடர்ந்தன.

1960 இல் வெளிவந்த ஜாஸ் பேஸில் வேறு முறை கையாளப்பட்டது. ஒவ்வொரு தந்திக்கும் தனியே ஒரு வில்தகடும் அதன்மேல் ஒரு மென்பட்டையும் குதிரைக்கு முன்னால் உடலின் மீது திருகப்பட்டன. அவை கீழிருந்து தந்திகளைத் தொட்டன. இவ்வமைப்பு 1962-63 காலப்பகுதியில் கைவிடப்பட்டு, மூடிக்குள் ஒட்டும் எளிய நுரைப்பஞ்சுப் பட்டை ஜாஸ் பேஸிலும் பயன்பாட்டுக்கு வந்தது. முற்பட்ட ஜாஸ் பேஸ்களின் உடலில் காணப்படும் திருகுத் துளைகள் இத்தனி ஒலியடக்கிகளுக்குரியவை. காலத்தைக் கணிக்க முயல்வோர் இத்துளைகளையும் ஒரு சான்றாகக் கொள்வர்.

1961 இல் அறிமுகமான ஆறு தந்திகள் கொண்ட ஃபெண்டர் பேஸ் சிக்ஸ் கருவியில், 1963 இல் விரும்பியபோது இயக்கவும் விலக்கவும் கூடிய ஒலியடக்கி சேர்க்கப்பட்டது.

ரிக்கன்பேக்கர் நிறுவனம்

ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் 4001 வகை பேஸ் 1961 இல் வெளிவந்தது. இதன் தந்தி நீளம் 33¼ அங்குலம், அதாவது சுமார் 845 மி.மீ. ஆகும். குதிரையைத் தாங்கும் வார்ப்புக்குள்ளேயே ஒரு நுரைப்பஞ்சுப் பட்டையும் அதைத் தாங்கும் தகடும் அமைந்திருக்கும். இரு பக்கங்களிலும் உள்ள கைத்திருகுகளைத் திருப்பி அப்பட்டையை உயர்த்தவும் தாழ்த்தவும் முடியும். கருவி எதுவுமின்றி விரலாலேயே அளவை மாற்ற முடிவது இவ்வமைப்பின் சிறப்பு.

மியூசிக் மேன் நிறுவனம்

லியோ ஃபெண்டர் தம் முதல் நிறுவனத்தை 1965 இல் சிபிஎஸ் நிறுவனத்துக்கு விற்றார். பின்னர் அவர் பங்கேற்று வடிவமைத்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே பேஸ் 1976 இல் வெளிவந்தது. அதன் குதிரைத் தகட்டில் நான்கு தந்திகளுக்கும் நான்கு தனி ஒலியடக்கிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் சிறு திருகினால் தனித்தனியே சீரமைக்கலாம். முதல் ஜாஸ் பேஸில் கைவிடப்பட்ட கருத்து பதின்மூன்று, பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் பயன்பட்டதை இதில் காணலாம்.

வீழ்ச்சியும் மீட்சியும்

1950களிலும் 1960களின் முற்பகுதியிலும் மின் பேஸ் கிதார்களில் தட்டையான உலோக நாடா சுற்றிய தந்திகளே பொதுவாக இருந்தன. அவற்றின் ஒலி மங்கலானது. 1966 இல் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனம், தி ஹூ குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசிலுடன் இணைந்து உருண்டைக் கம்பி சுற்றிய தந்திகளை உருவாக்கியது. கூர்மையும் நீடிப்பும் மிகுந்த இந்த ஒலி ராக் இசையில் பரவியது. 1970களில் தந்தியைக் கட்டைவிரலால் தட்டி வாசிக்கும் சிலாப் முறையும் வளர்ந்தது. இவ்விரண்டுக்கும் ஒலியடக்கி இடையூறாக இருந்தது. வலக்கையை விரும்பிய இடத்தில் வைக்க முடியாததால் கலைஞர்கள் மூடியையே கழற்றி வைத்தனர். அம்மூடிக்கு "சாம்பல் கிண்ணம்" என்ற பட்டப்பெயர் உண்டு. கழற்றிய மூடி பலரிடம் அப்பணியையே செய்தது.

1989 இல் வெளிவந்த ஸ்டாண்டிங் இன் த ஷேடோஸ் ஆஃப் மோட்டவுன் என்ற நூலும், 2002 இல் அதே பெயரில் வெளிவந்த ஆவணப்படமும் டெட்ராய்ட் நகர மோட்டவுன் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கலைஞர்களைப் பரவலாக அறியச்செய்தன. தட்டைச் சுற்றுத் தந்தியும் நுரைப்பஞ்சும் சேர்ந்த பழைய ஒலிக்கு இன்று மீண்டும் ஆர்வலர்கள் உள்ளனர்.

இயங்கும் முறை

தந்தியை மீட்டும்போது அது ஒரே அதிர்வெண்ணில் மட்டும் அதிர்வதில்லை. அடிப்படைச் சுரத்துடன் அதன் 2, 3, 4 மடங்கு அதிர்வெண் கொண்ட சீரிசைகளும் சேர்ந்தே எழுகின்றன. நான்கு தந்தி பேஸ் கிதாரின் திறந்த தந்திகளின் அடிப்படை அதிர்வெண்கள் வருமாறு:

- ஈ தந்தி: 41.2 ஹெர்ட்சு
- ஏ தந்தி: 55.0 ஹெர்ட்சு
- டி தந்தி: 73.4 ஹெர்ட்சு
- ஜி தந்தி: 98.0 ஹெர்ட்சு

குதிரையில் தந்தி அசையாமல் நிற்பதால் அவ்விடம் எல்லாச் சீரிசைகளுக்கும் கணுவாகும். குதிரையிலிருந்து சிறிது தொலைவில், அடிப்படைச் சுரத்தின் அசைவு இன்னும் சிறிதாகவே இருக்கும். உயர் சீரிசைகளின் அலைநீளம் குறைவு என்பதால் அவற்றின் அசைவு அதே இடத்தில் பெரிதாகிவிடும். 864 மி.மீ. நீளமுள்ள தந்தியில், குதிரையிலிருந்து 20 மி.மீ. தொலைவில் உள்ள வீச்சை, ஒவ்வொரு சீரிசையின் பெரும வீச்சின் விழுக்காடாகக் கணக்கிட்டால் பின்வரும் மதிப்புகள் கிடைக்கும்:

- 1 ஆம் சீரிசை (அடிப்படைச் சுரம்): 7%
- 2 ஆம் சீரிசை: 14%
- 5 ஆம் சீரிசை: 36%
- 10 ஆம் சீரிசை: 66%
- 20 ஆம் சீரிசை: 99%

ஒரு புள்ளியில் வைக்கப்படும் தடை எடுத்துக்கொள்ளும் ஆற்றல், அப்புள்ளியிலுள்ள வீச்சின் இருமடிக்கு நேர் விகிதத்தில் அமையும் எனக் கொண்டால், 10 ஆம் சீரிசை அடிப்படைச் சுரத்தைவிடச் சுமார் 80 மடங்கு மிகுதியாகத் தணிக்கப்படும். இதனால்தான் ஒலியடக்கி சுரத்தை அழிக்காமல் அதன் கூர்மையை மட்டும் முதலில் நீக்குகிறது. உண்மையான நுரைப்பஞ்சு ஒரு புள்ளியாக இராமல் அகலமாக இருப்பதால் மதிப்புகள் சற்று மாறும். எனினும் போக்கு இதுவே.

இக்கணக்கிலிருந்து மூன்று நடைமுறை முடிவுகளைப் பெறலாம்.

1. ஒலியடக்கி குதிரையை விட்டு விலகும் அளவுக்கு அடிப்படைச் சுரமும் அதிகமாக அடங்கும். 40 மி.மீ. தொலைவில் அடிப்படைச் சுரத்தின் வீச்சு 7 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காட்டிற்கும் சற்று மேலாக உயர்கிறது. எனவே சுரம் தெளிவாகக் கேட்க வேண்டுமாயின் பட்டையைக் குதிரைக்கு நெருக்கமாக வைத்தல் வேண்டும்.

2. பன்னிரண்டாம் மெட்டில் விரலை அழுத்தினால் அதிரும் நீளம் பாதியாகும். ஒலியடக்கி இருக்கும் இடம் மாறாததால் அதன் விகிதத் தொலைவு இரட்டிப்பாகும். ஆகவே உயர் மெட்டுகளில் வாசிக்கும் சுரங்கள் திறந்த தந்தியைவிட விரைவில் அடங்கும். இது பழுதன்று, இவ்வுறுப்பின் இயல்பாகும்.

3. ஏறத்தாழ ஒரே இழுவிசை கொண்ட தந்தித் தொகுப்பில் ஈ தந்தியின் நீள அலகு நிறை ஜி தந்தியினதைப் போல் 5 முதல் 6 மடங்கு ஆகும். ஒரே அளவு தடை கொடுத்தால் மெல்லிய ஜி தந்தி முதலில் அடங்கும், தடித்த ஈ தந்தி நீடித்து ஒலிக்கும். ஒவ்வொரு தந்திக்கும் தனி ஒலியடக்கி அமைத்ததன் பயன் இங்கு விளங்கும்.

குறிப்பிடத்தக்க கலைஞர்கள்

ஜேம்ஸ் ஜேமர்சன் (1936-1983) மோட்டவுன் நிறுவனத்தின் ஒலிப்பதிவுகளில் வாசித்தவர். 1962 ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸ் ஒன்றைத் தடித்த தட்டைச் சுற்றுத் தந்திகளுடன் பயன்படுத்தினார். குதிரை மூடியையும் அதனுள் இருந்த நுரைப்பஞ்சையும் அவர் நீக்கவில்லை. வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றால் மட்டுமே மீட்டுவது அவரது வழக்கம். அவரது கருவி அவர் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் களவாடப்பட்டது.

கேரல் கே (பிறப்பு 1935) லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்தவர். பிளெக்ட்ரம் எனப்படும் மீட்டுத் தகட்டால் வாசித்த அவர், ஃபெல்ட் துணித் துண்டைக் குதிரைக்கருகே தந்திகளின் மேல் வைத்து ஒட்டிக்கொண்டார். மீட்டுத் தகடு தரும் கூர்மையான தொடக்கமும் ஃபெல்ட் தரும் குறுகிய முடிவும் சேர்ந்து அவரது ஒலியை உருவாக்கின.

நுரைப்பஞ்சு சிதைவதன் காரணம்

ஒலியடக்கிகளில் பரவலாகப் பயன்படும் பாலியூரித்தேன் நுரை இரு பெரும் வகைப்படும். எஸ்டர் வகை காற்றிலுள்ள ஈரத்துடன் வினைபுரிந்து சிதைகிறது. இது நீராற்பகுப்பு எனப்படும். ஈதர் வகை ஈரத்தைத் தாங்கினாலும் ஒளியாலும் ஆக்சிசனாலும் சிதைகிறது. நுரையின் சுவர்கள் மிக மெல்லியவை, பரப்பளவு மிகுதி. எனவே அதே வேதிப்பொருளால் ஆன திண்பொருளைவிட நுரை முன்னதாக அழியும். கை வியர்வையும் தந்திகளின் இடைவிடாத அழுத்தமும் இதனை விரைவுபடுத்தும்.

சிதைந்த நுரை பொடியாக உதிர்ந்து குதிரைத் திருகுகளிலும் ஒலி உணரியின் மேலும் படியும். பிசுபிசுப்பாக மாறியது தந்திகளில் ஒட்டிக்கொள்ளும். அவ்வாறான பட்டை ஒலியை ஒரே சீராக அடக்குவதில்லை. எனவே அது பழைமையானது என்பதற்காக மட்டும் கருவியில் விட்டுவைத்தல் நன்றன்று.

மாற்றுப் பொருள்கள்

- திறந்த அறை பாலியூரித்தேன் நுரை: மென்மையானது. இயல்பான அடக்கத்தைத் தரும். காலப்போக்கில் மீண்டும் சிதையும்.
- மூடிய அறை நியோப்பிரீன் நுரை: உறுதியானது, நெடுநாள் உழைக்கும். அடக்கம் மிகுதி. மெல்லிய பட்டையே போதும்.
- ஈவிஏ நுரை: காலணிகளிலும் விளையாட்டுப் பாய்களிலும் பயன்படுவது. விறைப்பானது. "தொப்" என்ற குறுகிய ஒலியைத் தரும்.
- ஃபெல்ட் துணி: மேலிருந்து தொடுவதற்கு ஏற்றது. பிசுபிசுப்பாக மாறாது. பூச்சி அரிக்கக்கூடும்.
- பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சு: தற்காலிகச் சோதனைக்கு மட்டும் ஏற்றது. அதன் சொரசொரப்பான பச்சைப் பகுதியை நீக்கிவிடுதல் வேண்டும்.

ரப்பரும் நியோப்பிரீனும் நைட்ரோசெல்லுலோசு அரக்குப் பூச்சை நெடுநாள் தொட்டுக்கொண்டிருந்தால் பூச்சு இளகிக் கறைபடும். 1960களின் ஃபெண்டர் கருவிகளில் இவ்வகைப் பூச்சு பரவலாக உள்ளது. எனவே இப்பொருள்களை உடலின் மீது நேரடியாக வைத்து மூடிவிடுதல் கூடாது. வாசிக்காத நாட்களில் எடுத்துவிடுவது பாதுகாப்பானது.

மாற்றும் முறை

முன்னேற்பாடு

பணியைத் தொடங்குமுன் பழைய பட்டையின் நீளம், அகலம், தடிப்பு, அது இருந்த இடம் ஆகியவற்றை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். ஒளிப்படம் எடுத்துவைப்பதும் பயன்தரும். மூடியைக் கழற்றுவதற்குத் தந்திகளைத் தளர்த்தத் தேவையில்லை. குதிரையையோ உட்தகட்டையோ தொடும் பணியாயின் முறுக்காணிகளைச் சுற்றித் தந்திகளைத் தளர்த்துதல் வேண்டும்.

பழைய பசையை நீக்குதல்

உதிரும் நுரையை மென்தூரிகையால் துடைத்து எடுக்க வேண்டும். பொடி ஒலி உணரிக்குள் செல்லாமல் அவ்விடத்தைத் துணியால் மூடிக்கொள்ளலாம். உலோக மூடியிலுள்ள பழைய பசையை, மூடியைக் கருவியிலிருந்து முற்றாகக் கழற்றி வேறிடத்தில் வைத்த பின்னரே நீக்க வேண்டும். அசிட்டோனும் தின்னரும் நைட்ரோசெல்லுலோசு பூச்சைக் கரைப்பவை. அவற்றின் ஒரு துளி பட்டாலும் பூச்சு கெடும். சிகரெட் லைட்டர்களில் பயன்படும் நாப்தா இப்பணிக்குப் போதுமானது. அது எளிதில் தீப்பற்றும் என்பதால் காற்றோட்டமான இடத்தில், தீ அருகில் இல்லாமல் பயன்படுத்த வேண்டும்.

மூடிக்குள் ஒட்டும் வகை

ஃபெண்டர் வகைக் குதிரைகளில் அடுத்தடுத்த தந்திகளுக்கிடையே சுமார் 19 மி.மீ. இடைவெளி இருக்கும். ஈ தந்தி முதல் ஜி தந்தி வரை மொத்தம் சுமார் 57 மி.மீ. ஆகும். எனவே இரு பக்கமும் சிறிது மிகுந்திருக்குமாறு சுமார் 70 மி.மீ. நீளமுள்ள பட்டை தேவை. தந்தியின் திசையில் 10 முதல் 15 மி.மீ. அகலம் போதும். மூடியின் உட்பரப்புக்கும் தந்திக்கும் உள்ள தொலைவை அளந்து, அதைவிட 1 முதல் 2 மி.மீ. வரை மட்டும் தடிப்பு கூடுதலாக இருக்குமாறு நறுக்க வேண்டும். புதிய கூரான அலகால் வெட்டினால் நுரை பிய்யாது.

பட்டையை ஒட்டுவதற்கு, பின்னர் உரித்தெடுக்கக்கூடிய இருபக்க ஒட்டுநாடாவே சிறந்தது. விரைவில் இறுகும் சயனோஅக்ரிலேட்டு பசையைத் தவிர்க்க வேண்டும்.

தந்திக்கு அடியில் வைக்கும் வகை

மூடி தொலைந்துபோன கருவிகளில் தந்திகளுக்கும் உடலுக்கும் இடையே நுரைத்துண்டைச் செருகுவது வழக்கம். இங்கு தந்திகளின் வளைவைக் கவனிக்க வேண்டும். பழைய ஃபெண்டர் பேஸ் கிதார்களின் விரல்பலகை 7.25 அங்குல ஆரம் கொண்ட வளைவுடையது. தந்திகளும் அவ்வளைவையே பின்பற்றினால் நடுவிலுள்ள இரு தந்திகள் ஓரத்திலுள்ளவற்றைவிடச் சுமார் 2 மி.மீ. உயரத்தில் இருக்கும். மேற்பரப்பு தட்டையான துண்டைக் கீழே வைத்தால் ஓரத் தந்திகள் மிகுதியாகவும் நடுத் தந்திகள் குறைவாகவும் அடங்கும். மேலிருந்து தொடும் பட்டையில் இது தலைகீழாகும். துண்டின் மேற்பரப்பை மெல்லிய வளைவாக நறுக்கினால் இக்குறை நீங்கும்.

ரிக்கன்பேக்கர், மியூசிக் மேன் வகைகள்

ரிக்கன்பேக்கர் 4001 இல் தந்திகளைத் தளர்த்தி, தகட்டைத் தாங்கும் திருகுகளை எடுத்தபின் பழைய பட்டையை நீக்கிப் புதியதை ஒட்டலாம். திருகுகளையும் சிறு உறுப்புகளையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் அடுக்கிவைத்தல் நன்று. புதிய பட்டை, திருகு முழுவதும் தாழ்ந்த நிலையில் எந்தத் தந்தியையும் தொடாத அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும். இல்லையெனில் ஒலியடக்கியை விலக்கும் வசதியே இல்லாமற்போகும்.

மியூசிக் மேன் ஸ்டிங்ரேயில் நான்கு சிறு பட்டைகளையும் ஒரே தடிப்பில் வெட்டி ஒட்டிய பின், அளவு வேறுபாட்டைத் திருகுகளால் சரிசெய்ய வேண்டும். வில்தகட்டைக் கையால் வளைத்தல் கூடாது.

சீரமைத்தலும் வாசித்தலும்

1. ஒலியடக்கி தொடாத நிலையில் தந்திகளைச் சுருதி சேர்த்து, பன்னிரண்டாம் மெட்டில் சுருதி சரியாக உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.
2. ஒலியடக்கியைத் தந்தியைத் தொடும் வரை மட்டும் கொண்டுவர வேண்டும். திறந்த தந்தியின் சுருதி உயர்ந்தால் அழுத்தம் மிகுதி எனக் கொள்ளலாம். அந்நிலையில் பட்டை தடையாக இல்லாமல் தந்தியை இழுத்துப் பிடிப்பதாக மாறிவிடுகிறது.
3. ஒவ்வொரு திறந்த தந்தியையும் ஒரே விசையில் மீட்டி, அவை ஏறத்தாழ ஒரே நேரத்தில் அடங்குகின்றனவா எனக் கேட்க வேண்டும். ஈ தந்தி நீடித்தால் அதற்கு நேரான இடத்தில் மட்டும் அழுத்தத்தைச் சற்றுக் கூட்டலாம்.
4. சுரத்தின் பெயரைக் காதால் அறிய முடிகிறதா என்பதே இறுதிச் சோதனை. தட்டொலி மட்டும் கேட்டுச் சுரம் கேட்காவிட்டால் பட்டையைக் குதிரையின் பக்கம் நகர்த்தவோ மெல்லிய பொருளுக்கு மாற்றவோ வேண்டும்.

ஒலியடக்கியுடன் வாசிக்கும்போது நீண்ட சுரங்களை நம்ப முடியாது. சுரம் தானாகவே முடிந்துவிடுவதால், எப்போது தொடங்குகிறது என்பதே தாளத்தில் முதன்மை பெறுகிறது. குறுகிய சுரங்கள் நிறைந்த நகர்வுகளுக்கும் நடனத் தாளங்களுக்கும் இது பொருந்தும். மெதுவான பாடல்களில் நீண்டு நிற்கும் தாழ்சுரத்துக்கு இது பொருந்தாது. உருண்டைச் சுற்றுத் தந்தியின் சொரசொரப்பான பரப்பு நுரையை விரைவில் தேய்த்துவிடும். தட்டைச் சுற்றுத் தந்தியில் பட்டை நெடுநாள் உழைக்கும்.

பொதுவான குறைபாடுகள்

- ஒரு தந்தி மட்டும் முழங்குதல்: பட்டை அத்தந்தியைத் தொடவில்லை, அல்லது அவ்விடத்தில் பள்ளம் விழுந்துள்ளது.
- மீட்டும்போது மணியோசை போன்ற உயர்சுரம் எழுதல்: பொருள் மிகவும் விறைப்பாக உள்ளது. அது தந்தியை ஒரு புள்ளியில் தொட்டுச் சீரிசையை எழுப்புகிறது.
- உலோக அதிர்வோசை: மூடியின் திருகு தளர்ந்துள்ளது, அல்லது தந்தி மூடியின் விளிம்பில் படுகிறது.
- உயர் மெட்டுகளில் சுருதி பிறழ்தல்: பட்டையின் அழுத்தம் மிகுதி.
- சில வாரங்களில் அடக்கம் குறைதல்: திறந்த அறை நுரை அமுங்கித் தன் வடிவத்தை இழந்துள்ளது.

மாற்று வழிகள்

ஒலியடக்கி இல்லாமலும் இவ்விளைவைப் பெறலாம். வலக்கையின் ஓரத்தைக் குதிரையின் மேல் வைத்துக் கட்டைவிரலால் மீட்டுவது உள்ளங்கை அடக்கம் எனப்படும். இடக்கை விரல்களை மெட்டிலிருந்து சற்றே தளர்த்துவதும் சுரத்தைக் குறுக்கும். கையால் அடக்கும்போது ஒவ்வொரு சுரத்திலும் அளவை மாற்றலாம். நுரைப்பஞ்சு மாறாத ஒரே அளவைத் தருவதால் இரு கைகளும் விடுபட்டு, விரைவான நகர்வுகளை ஒரே சீராக வாசிக்க முடிகிறது.

மூலநிலையைப் பேணுதல்

பழைய கருவிகளைச் சேகரிப்போர் பூச்சு, ஒலி உணரி, திருகு ஆகியவை மூலநிலையில் உள்ளனவா எனக் கவனிப்பர். ஒலியடக்கியைப் பொறுத்தவரை, சிதைந்த நுரைப்பஞ்சை அப்படியே வைத்திருந்தால் அக்காலத்து ஒலி கிடைக்காது. புதியதை வைத்தால் ஓர் உறுப்பு மூலமானதன்று. நுரைப்பஞ்சு தேய்ந்துபோகும் உறுப்பு என்பதால், தந்தியைப் போல அதனையும் மாற்றுவது கருவியைப் பயன்படுத்துவதன் ஒரு பகுதியே.

இவ்விரு நோக்கங்களையும் காக்கச் சில நெறிகளைப் பின்பற்றலாம். எந்த மாற்றமும் பின்னர் அகற்றக்கூடியதாக இருக்க வேண்டும். உடலில் புதிய துளை இடுதல் கூடாது. ஏற்கனவே உள்ள துளைகளை அடைத்தலும் கூடாது. கழற்றிய மூடி, வில்தகடு, திருகு ஆகியவற்றை ஓர் உறையிலிட்டுக் கருவியின் பெட்டியிலேயே வைக்க வேண்டும். பழைய நுரைப்பஞ்சின் எஞ்சிய பகுதியையும் மூடிய சிறு உறையில், மாற்றிய நாளைக் குறித்து, கருவியைத் தொடாதவாறு வைக்கலாம். பின்னாளில் அக்கருவியைப் பெறுபவருக்கு, தொழிற்சாலை அதில் எதை, எந்தத் தடிப்பில் வைத்திருந்தது என்பதை அறிய அந்தச் சிறு துண்டே சான்றாக அமையும்.